மிச்சம் வைக்காதவர்கள்

புதிய சலவை இயந்திரங்கள் இரண்டையும் திறந்துவைக்க ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவின் தலைவரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். அவர் அங்கே வருவது அதுதான் முதல் தடவை. படிக்கட்டின் கைப்பிடியைத் தொடலாமா வேண்டாமா என்று இரண்டு படி யோசித்துவிட்டு, கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டார். ரிப்பனை வெட்டினார். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். ஊரில் பாதிச் சட்டைகளில் இருப்பது அவருடைய ஆலைப் பொத்தான்தான் என்பதால், பொத்தான் என்று எதைக் கண்டாலும் சொந்தக்காரரைக் கண்டதுபோல அவர் முகம் மலர்ந்துவிடும். பிறகு பேசத் தொடங்கினார்.

இயந்திரம் துவைத்தது, அலசியது, பிழிந்தது, வேலை முடிந்ததற்கு அடையாளமாகச் சின்னதாக ஒரு பாட்டும் பாடி நின்றது. தலைவர் அப்போதுதான் முன்னுரையை முடித்திருந்தார்.

"நாப்பதே நிமிஷம்க்கா," என்று கிசுகிசுத்தாள் மடிப்பு. துணி மடிக்கும் மேசையைப் பதினோரு வருடமாக ஆள்கிறவள் என்பதால் அந்தப் பெயர். "பழசுக்கு ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

"துணியைச் சொல்றியா, பேச்சைச் சொல்றியா?" என்றாள் நுரையக்கா, உதடு அசையாமல்.

நுரையக்கா சலவைக்கூடத்தின் மேற்பார்வையாளர். சோப்புத்தூள் சரியான அளவா என்பதை நுரையை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். அந்தப் பெயர் நிலைத்துவிட்டது, சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. அவளுக்குக் கீழே ஒன்பது பெண்கள். பழைய இயந்திரத்தோடு இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியவள் அவள். அது பிழியும்போது அதிர்ந்து அதிர்ந்து வாசலை நோக்கி இரண்டடி நடந்துவிடும் என்பதால் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். மின்சாரத்தை அது குடித்த குடிக்கு, மாடியில் லிஃப்ட்டே கொஞ்சம் தயங்கித்தான் ஏறும்.

கைதட்டல் முடிந்ததும் குழுவின் குமாஸ்தா அவள் கையில் ஒரு கடிதத்தைத் திணித்தார். இனிப்புப் பொட்டலம் என்று நினைத்து வாங்கிவிட்டாள். பிரித்துப் பார்த்தால், புதிய இயந்திரங்கள் ஒரு கிலோ துணிக்குப் பாதி மின்சாரமே எடுப்பதால், ஆறு மாதத்துக்குள் சலவைக்கூடத்தின் மின்சாரச் செலவு பாதியாகக் குறைந்தாக வேண்டும். குறையாவிட்டால் கூடத்தை மூடிவிட்டு, சலவையை வெளி நிறுவனத்திடம் ஒப்படைப்பது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறது.

மடிப்பு எட்டிப் படித்தாள். "மூடுறதுன்னா, நாங்க?"

"பாதியாக் குறையும்டி. மிஷினைப் பாரு, கொசு பாடுற மாதிரி ஓடுது," என்றாள் நுரையக்கா. சொல்லும்போது அவளும் அதை நம்பினாள்.

குறைக்கும் திருப்பணியை மேற்பார்க்க ஒரு பதவியையும் குழு உண்டாக்கியிருந்தது: எரிசக்திச் சிக்கன அலுவலர். அந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் வேறு யாருமில்லை, நுரையக்காவின் கொழுந்தன். கணவருடைய ஒரே தம்பி. அவள் கீழ் வீடு, அவர் மாடி வீடு. காலையில் "அண்ணி, காபித்தூள் இருக்கா?" என்று கிண்ணத்தோடு இறங்கி வருபவர், ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரியில் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டதும் வேறு ஆளாகிவிடுவார்.

"இங்க நான் உங்களை மேடம்னுதான் கூப்பிடுவேன், தப்பா எடுத்துக்காதீங்க."

"கூப்பிடுங்க தம்பி."

"தம்பி வேண்டாம் மேடம்."

"சரி தம்பி."

கூடத்துப் பெண்கள் அவருக்கு யூனிட் சார் என்று பெயர் வைத்தார்கள். எதைக் கேட்டாலும் யூனிட்டில்தான் பதில் சொல்வார். குளிரா இருக்கு, ஜன்னலைச் சாத்தலாமா என்று கேட்டால்கூட ஒரு கணக்கு வரும்.

முதல் மாதம் மீட்டர் சொன்னபடி கேட்டது. மாதம் ஆறாயிரம் யூனிட் ஓடிக்கொண்டிருந்தது மூவாயிரத்து நூறில் நின்றது. யூனிட் சாருக்குத் தலைகால் புரியவில்லை. சாதனையை உலகம் அறிய வேண்டும் என்று, லிஃப்ட்டுக்கு எதிரே, எல்லா வார்டு ஆட்களும் காத்து நிற்கிற இடத்தில், ஆளுயரப் பலகை ஒன்றை மாட்டினார். சிவப்பு எழுத்தில் கொட்டையாக:

சலவைக்கூடம். இந்த மாத மிச்சம்: 2,900 யூனிட்.

அவர் செய்த ஒரே தவறு அந்தச் சொல்தான். 'சேமிப்பு' என்று எழுதியிருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். சேமிப்பு என்பது பூட்டி வைக்கிற விஷயம், பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போய்விடலாம். மிச்சம் அப்படிப்பட்டதல்ல. தட்டில் மிச்சம் வைக்காதே, பாத்திரத்தில் மிச்சம் இருக்கிறது, போட்டுக்கொள் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மிச்சம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால், வீணாவதற்குள் அதைத் தீர்த்துவைப்பது நம் பொறுப்பு. லிஃப்ட்டுக்குக் காத்திருந்த ஒவ்வொருவரும் அந்தப் பலகையைப் படித்தார்கள். ஒவ்வொருவர் மனமும் பதறியது.

முதல் போன் அறுவை சிகிச்சை வார்டிலிருந்து வந்தது. தலைமை நர்ஸ், எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். டாக்டர்களே அவர் வரும்போது செல்போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள்.

"நுரையக்கா, உங்ககிட்ட மிச்சம் இருக்காமே?"

"என்ன மிச்சம் சிஸ்டர்?"

"அதான், ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம். போர்டுல போட்டிருக்கு. வேற வார்டு கேக்குறதுக்கு முன்னாடி நான் சொல்லிடுறேன். என் வார்டுக்குத் தினம் படுக்கை விரிப்பு மாத்தணும்."

அந்த ஆஸ்பத்திரியில் முன்னூற்று நாற்பது கட்டில். விரிப்பு நான்காம் நாள்தான் மாற்றப்படும். நடுவில், இரண்டாம் நாள் முடிவில், விரிப்பை உருவி மறுபக்கம் திருப்பிப் போடுவார்கள். அதற்குப் புரட்டல் என்று பெயர். நோயாளி இந்தப் பக்கம் ஒருக்களித்தால் விரிப்பைப் பாதி உருவி, அந்தப் பக்கம் ஒருக்களித்தால் மீதியை உருவி, வேர்வையும் மருந்தும் சிந்திய கஞ்சியும் இருக்கும் பக்கம் கீழே போகும்படி திரும்ப விரிப்பதில் நர்ஸ்கள் கைதேர்ந்தவர்கள். புது நர்ஸுகளுக்குப் பயிற்சியே உண்டு. பழைய இயந்திரத்தால் அதற்கு மேல் முடியாது. அதனால் நாற்பது வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் சுத்தம் என்றால் மறுபக்கம் என்று அர்த்தம்.

நுரையக்காவுக்கு அந்தக் கடிதம் நினைவில் இருந்தது. ஒரு வார்டுதானே, மூவாயிரத்து நூறு எங்கே, ஆறாயிரம் எங்கே என்றும் தோன்றியது. "அனுப்புங்க சிஸ்டர்," என்றாள்.

செய்தி மாடிக்கு மாடி பரவ ஒரு மதிய வேளை போதுமாக இருந்தது. பிரசவ வார்டு கேட்டது. அறுவை சிகிச்சைக்குத் தந்துவிட்டு, பிள்ளை பெற்றவளுக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? எலும்பு முறிவு வார்டு, "நாங்க மட்டும் என்ன, ஒரு காலோட கேக்குறதால இளப்பமா?" என்று சண்டைக்கு வந்தது. அதன்பிறகு தலையணை உறை. பிறகு ஜன்னல் திரை. பிறகு டாக்டர்களின் வெள்ளை அங்கிகள் வாரம் ஒரு தடவைக்குப் பதிலாக ஒருநாள் விட்டு ஒருநாள். கண் பரிசோதனைப் பிரிவு சக்கர நாற்காலி மெத்தைகளுக்கு உறை தைத்து அனுப்பியது; இத்தனை வருடம் அவற்றுக்கு உறையே கிடையாது.

இயந்திரங்கள் காலை ஆறு முதல் மாலை ஏழு வரை பாடிக்கொண்டே இருந்தன. ஒன்பது பெண்களின் இடுப்பு ஒடிந்தது. ஆனால் ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை. தள்ளுவண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விடும்போது வார்டில் கிடைக்கும் வரவேற்பே வேறாக இருந்தது. முன்பெல்லாம் சலவைக்கூடத்துப் பெண் என்றால் ஓரமாகப் போ என்பார்கள். இப்போது வண்டிச் சத்தம் கேட்டதுமே கட்டிலில் படுத்திருப்பவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் புது விரிப்பில் முகத்தை அழுத்தி, "சூடு இன்னும் ஆறலை," என்று பக்கத்துக் கட்டிலுக்கு அறிவித்ததை மடிப்பு நாலு தடவை நடித்துக் காட்டினாள்.

பலகையில் மிச்சம் இரண்டாயிரமானது, எண்ணூறானது, பிறகு வெறும் கோடானது. கோடு போட்ட மாதத்தில் பலகையைத் துடைக்க வந்த ஆளிடம் யூனிட் சார், "இப்போதைக்குத் துணியால மூடி வை," என்றார். அந்தத் துணியும் வாரம் ஒரு தடவை சலவைக்கு வந்தது.

இத்தனைக்கும் அவருக்கு இந்த நோய் புதிதல்ல. அவர் வீட்டிலேயே இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் மாடி வீட்டின் குண்டு பல்புகளை எல்லாம் கழற்றிவிட்டு, எல்.இ.டி. பல்புகளாக மாட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நுரையக்கா மாடிக்குப் போனபோது கண் கூசியது. செருப்பு அலமாரிக்குள் விளக்கு. மாடிப்படியின் ஒவ்வொரு படிக்கும் விளக்கு. பூந்தொட்டிக்குப் பின்னால் ஒன்று, அது பச்சையாகவும் நீலமாகவும் மாறி மாறி எரிந்தது.

"இதெல்லாம் எதுக்குடி?" என்று ஓரகத்தியிடம் கேட்டாள்.

"ஒரு யூனிட்டே ஆகாதாம்க்கா. உங்க கொழுந்தன்தான் சொன்னார். அதான் தைரியமாப் போட்டேன்."

"செருப்புக்கு ஏன் வெளிச்சம்?"

"இத்தனை நாளா இருட்டுல கிடந்துச்சேக்கா, பாவம்."

யூனிட் சார் நாளிதழால் முகத்தை மறைத்துக்கொண்டார். மாடி வீட்டு மீட்டர் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. நாளிதழ் நடுங்கியதிலேயே தெரிந்துவிட்டது.

ஆறாம் மாதக் கடைசியில் அவர் சலவைக்கூடத்துக்கு ஓடி வந்தார். அடையாள அட்டை முதுகுப் பக்கம் போயிருந்தது. கையில் மீட்டர் குறிப்பு.

"அண்ணி! ஏழாயிரத்து இருநூறு!"

அலுவலக நேரத்தில் அண்ணி என்றதும் நிலைமை மோசம் என்று நுரையக்காவுக்குப் புரிந்தது.

"பழைய மிஷின் குடிச்சதைவிட ஆயிரத்து இருநூறு அதிகம். பாதி மின்சாரத்துல ஓடுற மிஷினை வச்சுக்கிட்டு அதிகமா செலவு பண்ணியிருக்கோம். இது எப்படி அண்ணி முடியும்? அந்த மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

"கட்டிலுக்குப் போச்சு தம்பி. போய்ப் பாருங்க, மேலதான் விரிச்சிருக்கு."

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே!"

"நீங்க ஊருக்கே போர்டு எழுதி வச்சீங்க. வந்தவங்களை நான் துரத்தணுமா?"

"நான் எழுதினது சாதனை!"

"படிச்சவங்க விருந்துன்னு நினைச்சுட்டாங்க."

மடிப்பு சிரித்தாள். சிரித்துவிட்டு, கடிதம் நினைவுக்கு வர, கையிலிருந்த விரிப்பை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மற்ற எட்டுப் பேரும் வேலையை நிறுத்திவிட்டு நுரையக்காவைப் பார்த்தார்கள். ஆறு மாதமாக ஒவ்வொரு போனுக்கும் 'அனுப்புங்க' என்று சொன்னது அவள்தான்.

குழு கூடியது. குழு அறையில் நீளமான மேசை. சுவரையெல்லாம் மறைத்துத் தொங்கும் கருஞ்சிவப்பு வெல்வெட் திரைகள். அவற்றால் உண்டான இருட்டைப் போக்கப் பகலிலும் பன்னிரண்டு விளக்குகள். சலவையை எடுத்துக்கொள்ள வந்த வெளி நிறுவனத்துக்காரர் ஏற்கெனவே டை கட்டி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாண வீட்டில் பந்திக்கு முன்னாலேயே இலைமுன் உட்கார்ந்தவர் போல இருந்தது.

"அடிப்படையில்," என்று தலைவர் தொடங்கினார். எந்தப் பேச்சையும் அவர் அடிப்படையிலிருந்துதான் தொடங்குவார், மேல்தளத்துக்கு எப்போதும் வந்து சேர்ந்ததில்லை. "அடிப்படையில் இது ஒழுக்கக்கேடு. சிக்கனமான இயந்திரம் தந்தோம். ஊதாரித்தனமாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்."

நுரையக்கா எழுந்தாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது கெஞ்சல். வந்தது வேறு.

"ஐயா, கடிதத்துல மின்சாரம் பாதியாகணும்னுதானே இருக்கு? ஒரு வாரம் கொடுங்க. பழைய மிஷின் வாரத்துக்கு ஆயிரத்து நானூறு எடுத்துச்சு. எழுநூறுக்குக் கீழ கொண்டுவந்து காட்டுறேன். ஒரு வாரத்துல முடியலைன்னா சாவியை நானே கொடுத்துடுறேன்."

டைக்காரர் பேனாவை மூடினார். தலைவருக்கு, பேசி மிரட்டியதில் ஆள் திருந்திவிட்டது என்ற திருப்தி. ஒரு வாரம் கொடுத்தார்.

வெளியே வந்ததும் யூனிட் சார் கேட்டார்: "எப்படி அண்ணி?"

"புரட்டல்தான்," என்றாள்.

மறுநாள் காலை எல்லா வார்டுக்கும் ஒரே வரியில் செய்தி போனது: நிர்வாகக் குழுவின் உத்தரவுப்படி இன்று முதல் பழைய முறை. விரிப்பு நான்காம் நாள். திரை இல்லை, உறை இல்லை, அங்கி வாரம் ஒன்று.

அன்று போன்மணி ஓயவில்லை. நுரையக்கா ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள்: "நான் என்ன செய்ய, மீட்டர் இறங்கணுமாம்." பிரசவ வார்டில் புரட்டத் தெரிந்த நர்ஸ் யாரும் அன்று வேலையில் இல்லை, புதிதாக வந்த பெண், நோயாளியைப் புரட்டிவிட்டு விரிப்பை அப்படியே விட்டாள். இரண்டாம் நாள் எலும்பு முறிவு வார்டில் மூன்றாம் எண் கட்டில்காரர் தன் விரிப்பைப் புரட்டவிடமாட்டேன் என்று அதன்மேல் கட்டுப்போட்ட காலோடு சத்தியாக்கிரகம் படுத்தார். படுத்திருப்பது அவருக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால் போராட்டம் எத்தனை நாளும் தாங்கும்போல் இருந்தது. நாற்பது வருடம் பொறுத்துக்கொண்ட அதே விரிப்பை இப்போது நான்கு நாள் பொறுக்க ஒருவராலும் முடியவில்லை. மறுபக்கம் என்று ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் தலைமை அறுவை மருத்துவரே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். கைப்பிடியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என் நோயாளிகளுக்குத் தையல் போடுற இடத்துல சீழ் பிடிக்கிறது மூணு மாசமா குறைஞ்சிருந்தது. நான் என் கை சுத்தம்னு நினைச்சிட்டிருந்தேன்," என்றார். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்.

"உங்க கையும் சுத்தம்தாங்க டாக்டர்," என்று நுரையக்கா ஆறுதல் சொன்னாள். "இதை மேல மாடியில சொல்லுங்க."

கூடத்திலோ அமைதி. பதினொரு மணிக்கே வேலை முடிந்து இயந்திரங்கள் சும்மா நின்றன. பெண்கள் மடிக்கத் துணியில்லாமல், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தார்கள். யூனிட் சார் மீட்டர் முன்னாலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஏழாம் நாள் ஐந்து மணிக்கு அவர் கூவிய கூவலில் சோப்புத்தூள் டப்பா ஒன்று கவிழ்ந்தது.

"அறுநூற்றுத் தொண்ணூறு! அண்ணி, அறுநூற்றுத் தொண்ணூறு!"

குழு மறுபடி கூடியது. தலைவர் எழுந்து நின்று, கட்டுப்பாடு, ஒழுக்கம், தலைமை ஆகிய மூன்றைப் பற்றியும் பேசி, மூன்றும் தாமே என்று முடித்தார். "நிபந்தனை நிறைவேறிவிட்டது. சலவைக்கூடம் தொடரலாம். இதே முறையில், இதே அளவில்."

நுரையக்கா ஜெயித்துவிட்டாள். கும்பிட்டுவிட்டு வெளியே போயிருக்கலாம். ஒன்பது பேரின் வேலை பத்திரம். கதவருகே ஓரமாக நின்ற யூனிட் சார் அவளுக்குக் கண்ணால் சைகை காட்டினார்: வாங்க அண்ணி, போயிடலாம்.

அவள் போகவில்லை. "ஐயா, வார்டுக்காரங்க ஒண்ணு கொடுத்து அனுப்பியிருக்காங்க," என்று கதவைத் திறந்துவிட்டாள்.

பெரிய சிஸ்டர் உள்ளே வந்தார். பின்னால் அறுவை மருத்துவர். அவர்களுக்குப் பின்னால் மடிப்பு, கையில் மடித்த படுக்கை விரிப்பு ஒன்றுடன். தலைவர் முன்னால் மேசையில் அதை உதறி விரித்தாள். பதினோரு வருடப் பழக்கம். ஒரே உதறலில் மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சுருக்கமில்லாமல் விழுந்தது. டைக்காரரின் பேனா, தலைவரின் மூக்குக்கண்ணாடி, குழுவின் தேநீர்க் கோப்பைகள் எல்லாம் அடியில் மேடு மேடாகத் தெரிந்தன.

அது மூன்றாம் எண் கட்டிலின் விரிப்பு. போராட்டத்தை மீறிப் புரட்டப்பட்டு, நான்கு நாள் ஆனது. மேலே பேனாவால் கொட்டை எழுத்தில்: இது மறுபக்கம். இந்தப் பக்கத்தில் நீங்கள் படுப்பீர்களா? கீழே நூற்றுப் பதினேழு கையெழுத்து. ஐந்து பேர் கைநாட்டு வைத்திருந்தார்கள். அதற்கு மை தேடவில்லை, காயத்துக்குப் போடும் ஊதா மருந்தையே பயன்படுத்தியிருந்தார்கள்.

வாசனை மெதுவாக எழுந்து குழு முழுவதையும் பாரபட்சமின்றிச் சென்றடைந்தது.

"என்ன இது!" தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"உங்க உத்தரவுங்க," என்றார் பெரிய சிஸ்டர். "இதே முறையில, இதே அளவில."

டைக்காரருக்கு இதுதான் சமயம் என்று பட்டது. "எங்க நிறுவனத்துல இந்தப் பிரச்சினையே வராது," என்றார் மூக்கைப் பிடித்தபடி.

"தினமும் மாத்துவீங்களா?" என்று கேட்டார் பெரிய சிஸ்டர்.

"ஒப்பந்தப்படி நாலாம் நாள். தினமும்னா அது வேற பேச்சு. இந்த மாதிரி மையெல்லாம் போட்டிருந்தா எடுத்துக்கவே மாட்டோம்."

"அப்ப நீங்க எங்களையும் சேர்த்துத்தான் புரட்டுவீங்க," என்றார் பெரிய சிஸ்டர். அறையில் யாரோ சிரித்து, இருமலாக மாற்றினார்கள்.

தலைவர் மேசையைத் தட்டினார். விரிப்பின்மேல் பட்ட கையை உடனே எடுத்துக்கொண்டார். "உணர்ச்சிவசப்படாதீர்கள். அடிப்படையில் கேள்வி ஒன்றுதான். குறைவான மின்சாரத்தில் ஓடும் இயந்திரம் இருக்கும்போது அதிக மின்சாரம் ஏன் ஆக வேண்டும்? எந்தப் புத்தியுள்ளவனாவது அப்படிச் செய்வானா?"

நுரையக்காவுக்கு அந்தக் கணம் அவருடைய சட்டை கண்ணில் பட்டது. எட்டுப் பொத்தான், எல்லாம் முத்துப்போல.

"ஐயா, ஒரு சந்தேகம். உங்க ஆலையில பொத்தான் மிஷின் புதுசு வாங்கினீங்களே, அது பழசைவிட மின்சாரம் கம்மியா எடுக்குமா?"

பொத்தான் என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. பாவம், அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. "கம்மியாவா? மூன்றில் ஒரு பங்கு! ஒரு பொத்தானுக்கு மூன்றில் ஒரு பங்கு!"

"அப்புறம் பழையபடி அதே அளவு பொத்தான்தான் போட்டீங்களா?"

"அதே அளவா! எவனம்மா அதே அளவு போடுவான்? ஐந்து மடங்காக்கினேன்! முன்னால் சட்டைக்குத்தான் பொத்தான். இப்போது பை, தலையணை, பொம்மைக்குக்கூட நம் பொத்தான்!"

"மின்சாரம்?"

"மின்சாரம் என்னம்மா பெரிய மின்சாரம்! தனி டிரான்ஸ்ஃபார்மரே வாங்கி வைத்தேன்! வளர்ச்சி என்றால்..."

அந்த இடத்தில் நின்றார். வாய் மூடவில்லை, சொல் மட்டும் நின்றது. ஆயுளில் முதல் தடவையாக அவருடைய பேச்சு, யாரும் மணி அடிக்காமல், பாதியில் முடிந்தது. குழுவினர் ஒவ்வொருவராக விரிப்பைப் பார்த்தார்கள், விரிப்பிலிருந்து பொத்தானைப் பார்த்தார்கள்.

முதலில் வாய் திறந்தது யூனிட் சார். ஓரத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"மன்னிக்கணும். குறைஞ்சது கிலோவுக்கு. அது நிஜமாவே பாதியாத்தான் குறைஞ்சிருக்கு. ஆனா கிலோ குறையும்னு நான் நினைச்சது தப்பு. மலிவாக் கிடைச்சா எல்லாரும் கூடத்தான் எடுப்பாங்க. எங்க வீட்டுல செருப்புக்கே விளக்கு எரியுது." பிறகு நேராக நிமிர்ந்து, "பழைய மிஷின்ல இவ்வளவு துணி துவைச்சிருந்தா பதினாலாயிரம் யூனிட் ஆகியிருக்கும். நம்ம கூடம் ஏழாயிரத்துல முடிச்சிருக்கு. எங்க அண்ணி முடிச்சிருக்காங்க," என்றார்.

அலுவலக நேரம், குழு அறை, தலைவர் முன்னிலை. மேடம் என்று திருத்திக்கொள்ளவில்லை.

அறுவை மருத்துவர் சீழ் விவரத்தைச் சொன்னார். அதை யாரும் முழுதாகக் கேட்கவேண்டியிருக்கவில்லை; விரிப்பு மேசையிலேயே இருந்ததால் விவாதத்தைச் சீக்கிரம் முடிக்கவேண்டும் என்ற ஒருமித்த கருத்து குழுவில் உருவாகியிருந்தது. ஐந்து நிமிடத்துக்குள் தீர்மானம் எழுதினார்கள். தினமும் விரிப்பு மாற்றுவது. சலவைக்கூடம் ஆஸ்பத்திரியோடேயே இருப்பது. வேலை கூடியிருப்பதால் மூன்றாவது இயந்திரம் ஒன்றும், மூன்று பெண்களும். டைக்காரர், விரிப்புக்கடியிலிருந்து பேனாவை எடுக்கத் துணியாமல், வெறுங்கையோடு போய்ச்சேர்ந்தார்.

தலைவர் கையெழுத்துப் போட்டார். போடும்போது, "இதைத்தான் நான் தொடக்கத்திலிருந்தே சொல்லிவருகிறேன்," என்றார். யாரும் மறுக்கவில்லை. ஜெயித்தவர்களுக்கு அந்த அளவு தாராளம் கட்டுப்படியாகும்.

அடித்தளத்துக்குப் போகும் படிக்கட்டில் மடிப்பு இரண்டிரண்டாகத் தாவினாள். கீழே எட்டுப் பேரும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நுரையக்கா வாயைத் திறக்கவேண்டியிருக்கவில்லை; மேலேயிருந்து நான்கு வார்டின் தள்ளுவண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகடவென்று இறங்கும் சத்தம் முந்திக்கொண்டு வந்து செய்தியைச் சொல்லிவிட்டது. ஒருத்தி விசில் அடித்தாள். இரண்டு இயந்திரங்களும் ஒரே சமயத்தில் தண்ணீர் பிடிக்கத் தொடங்கின.

"என்னடி நிக்கிறீங்க?" என்றாள் நுரையக்கா. "ஏழு நாள் அழுக்கு இருக்கு. எலும்பு முறிவை முதல்ல போடுங்க. அந்த மூணாம் நம்பர் கையெழுத்தை மட்டும் தனியா வையுங்க, அந்த மை போகாது."

அடுத்த வாரம் குழு அறையின் வெல்வெட் திரைகள் ஒரு மூட்டையாகக் கட்டி வந்திறங்கின, தலைவரே கைப்பட எழுதிய சீட்டோடு: தூசி தட்டினால் போதும். கட்டடம் திறந்த நாளிலிருந்து அவை தண்ணீரைப் பார்த்ததில்லை. முதல் அலசலில் தண்ணீர் மை நிறத்தில் வந்தது. ஐந்து தடவை துவைத்த பிறகுதான் அவற்றின் நிறம் கருஞ்சிவப்பே அல்ல, நல்ல ரோஜா நிறம் என்று தெரிந்தது.

அவை காய்ந்து திரும்பும்வரை குழு அறையில் ஜன்னல்கள் திறந்து கிடந்தன. உள்ளே வெயில் கொட்டியது. பன்னிரண்டு விளக்கையும் அணைத்துவிட்டதாக யூனிட் சார் ஓடி வந்து சொன்னார்.

"பரவாயில்லையே தம்பி."

"வெயில் சுடுதுன்னு ரெண்டு ஏசி போட்டிருக்காங்க அண்ணி," என்றார்.

இருவரும் சிரித்த சிரிப்பு இயந்திரத்தின் பாட்டையும் மீறிக் கேட்டது. நுரையக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஜா நிறத் திரையின் ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனையை அவர் கையில் கொடுத்தாள். மடிக்கத் தெரியாமல் அவர் திணறியதைப் பார்த்து, புதிதாகச் சேர்ந்த பெண்கள் மூவரும் வேலையை விட்டுவிட்டு வந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள்.